உண்டும் உடலிற் சேராத உயிர்ச்சத்து



பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து குடும்பத் தலைவர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர்தம் தாயாருக்கு வயது 68. ஓராண்டாகவே அவருக்குப் பாதங்கள் எரிகின்றன. விரல்நுனிகள் மரத்துப் போகின்றன. விளக்கில்லாத இடத்தில் நடந்தால் தள்ளாடுகிறார். பேரப்பிள்ளைகளை ஒருவர் பெயரால் மற்றொருவரை அழைக்கிறார். செபமாலையில் எந்த மணியில் நிற்கிறோம் என்பதை மறந்து மீண்டும் தொடக்கத்திற்கே வருகிறார். "வயதானால் அப்படித்தான்" என்று அண்டை வீட்டார் ஆறுதல் கூறினர். உறவினர் சிலர், "யாரோ வைப்பு வைத்துவிட்டார்கள்" என்று சொல்லி, தாயத்துக் கட்டுபவன் ஒருவனிடம் அழைத்துச் செல்லவும் முனைந்தனர். மகன் அதற்கு இணங்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், வைட்டமின் பி-12 என்னும் உயிர்ச்சத்து மிகவும் குறைந்திருப்பதாகக் கூறி ஊசி மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மகனுடைய ஐயம் இது: "சாமி, அந்தச் சத்து மாமிசத்தில்தான் இருக்கிறது என்கிறார்கள். எங்கள் அம்மா ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள். கவுச்சியே தொடாதவர்களுக்கு வரவேண்டிய குறை அவர்களுக்கு எப்படி வந்தது? டாக்டர் தவறாகச் சொல்கிறாரா? இந்த ஊசியை எத்தனை நாளைக்குப் போடுவது?" கடிதத்தின் ஓரத்தில், நினைவுக்கு வந்ததைச் சேர்த்தாற்போல், இன்னொரு வரியும் இருந்தது: "அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போடுகிறார்கள்."

மருத்துவர் தவறாகச் சொல்லவில்லை என்பதனை முதலிலேயே கூறிவிடுகிறோம். வாயில் இடுவது ஒன்று. உடல் பெற்றுக்கொள்வது மற்றொன்று. இரண்டிற்கும் இடையே நீண்ட பாதை ஒன்றுண்டு. மற்ற சத்துக்களைவிட இந்தச் சத்துக்கு அந்தப் பாதை மிகவும் சிக்கலானது. அதனை விளக்கினாலன்றி மகனுடைய கேள்விக்கு விடை கூற இயலாது. ஆதலின் வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு நம்முடன் வருமாறு வேண்டுகிறோம்.

உடலுக்கு வேண்டிய பி-12 எவ்வளவு என்பதை எண்ணிப் பார்த்தாலே வியப்பாக இருக்கும். வளர்ந்த ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராம் போதும். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறு. எழுபது ஆண்டு வாழும் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதற்கும் உட்கொள்ள வேண்டிய பி-12 அனைத்தையும் ஒருங்கே குவித்தாலும், பாகூர் வயலில் விளைந்த இரண்டு மூன்று அரிசிமணிகளின் எடைதான் இருக்கும். அவ்வளவு சிறிது கிட்டாமற் போனால் இரத்தம் கெடுகிறது; நரம்புகளின் உறை சிதைகிறது; நினைவு மங்குகிறது.

இச்சத்தை எந்தப் பயிரும் செய்வதில்லை. எந்த விலங்கும் செய்வதில்லை. கண்ணுக்குப் புலப்படாத சில நுண்ணுயிர்களே செய்கின்றன. ஆடுமாடுகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் செய்து கொடுப்பதனால் அவற்றின் இறைச்சியிலும் ஈரலிலும் பாலிலும் இது சேர்கிறது. கடல்நீரின் நுண்ணுயிர்களிலிருந்து படிப்படியாக மீனுக்கும் மட்டிக்கும் வந்து சேர்கிறது. கீரையிலும் பருப்பிலும் காய்கறியிலும் நம்பத்தக்க அளவில் இல்லை. பழைய சோற்றிலே எல்லாச் சத்தும் உண்டு என்று இப்போது பலரும் புகழ்ந்து பேசுகின்றனர். பழைய சோறு நல்ல உணவே. நாமும் விரும்பி உண்பதுண்டு. ஆனால் பி-12க்கு அதனை நம்பியிருத்தல் கூடாது.

இனி இந்தச் சத்து கண்டறியப்பட்ட வரலாற்றைச் சிறிது கூறுவோம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் அடிசன் என்னும் மருத்துவர், காரணம் தெரியாமல் வெளிறி, மெலிந்து, மடிந்து போகும் ஒருவகைச் சோகையை விவரித்தார். அந்நோய் கண்டவர் பிழைப்பதில்லை. 1926இல் அமெரிக்காவில் மைனட், மர்ஃபி என்னும் இரு மருத்துவர்கள், நாள்தோறும் ஏறத்தாழ அரை இராத்தல் ஈரலை உண்ணக் கொடுத்து அந்நோயாளிகளைப் பிழைக்க வைத்தனர். அவர்களுக்கும் விப்பிள் என்பவருக்கும் 1934இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் ஊர்ப் பாட்டிமார், பிள்ளைபெற்ற பெண்ணுக்கு ஆட்டு ஈரலைச் சுட்டுக் கொடுத்து வந்தது நினைவுக்கு வருகிறதன்றோ?

ஆனால் நம் கேள்விக்கு நேரான விடை தேடியவர் பாஸ்டன் நகரத்து இளம் மருத்துவர் வில்லியம் கேஸில். அவர் எழுப்பிய வினா எளிமையானது. "நலமாயிருக்கும் நாம் நாள்தோறும் அரை இராத்தல் ஈரல் உண்பதில்லையே, நமக்கு ஏன் இந்நோய் வருவதில்லை?" நோயாளிகளின் இரைப்பையில் அமிலம் சுரப்பதில்லை என்பது அப்போதே தெரிந்திருந்தது. எனவே, நலமுள்ளவரின் இரைப்பையில் இருக்கும் ஏதோ ஒன்று இவர்களிடம் இல்லை என்று அவர் ஐயுற்றார். ஐயத்தைத் தீர்க்க அவர் கையாண்ட முறையைச் சாப்பாட்டு நேரத்தில் படிக்க வேண்டாம் என்று முன்னதாகவே எச்சரித்து விடுகிறோம். அவர் தாமே ஏறத்தாழ 300 கிராம் மாட்டிறைச்சியை வேகாத பதத்தில் உண்டார். ஒரு மணி நேரம் கழித்து அதனை வெளியே கொணர்ந்து, சில மணி நேரம் வெதுவெதுப்பான சூட்டில் வைத்துக் கரைத்து, குழாய் வழியாக நோயாளியின் வயிற்றுக்குள் செலுத்தினார். அதே இறைச்சியைத் தனியாக உண்டபோது நோயாளிகளிடம் எவ்வித முன்னேற்றமும் காணப்படவில்லை. அவருடைய இரைப்பை நீரோடு கலந்து வந்த இறைச்சியோ சில நாட்களுக்குள் புதிய இரத்த அணுக்களைத் தோற்றுவித்தது. 1929இல் இதனை அவர் வெளியிட்டார். உணவிலிருந்து வருவதைப் புறக்காரணி என்றும், இரைப்பை சுரப்பதை அகக்காரணி என்றும் பெயரிட்டார்.

புறக்காரணிதான் பி-12. 1948இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியே அது சிவந்த படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் நடுவே கோபால்ட் என்னும் உலோக அணு ஒன்று வீற்றிருப்பதையும் அதனைச் சுற்றியுள்ள அமைப்பையும் டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார் எக்ஸ்-கதிர்களின் துணையால் கண்டறிந்தார். 1964இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அகக்காரணியோ ஒரு புரதம். இரைப்பையில் அமிலம் சுரக்கும் அதே அணுக்கள்தாம் அதனையும் சுரக்கின்றன.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியைப் பின்தொடர்ந்து செல்வோம். இறைச்சியில் உள்ள பி-12 தனித்து இருப்பதில்லை. இறைச்சியின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரைப்பையின் அமிலமும் செரிமான நீரும் அதனைப் பிரித்தெடுக்கின்றன. பிரிந்த உடனே, உமிழ்நீரோடு வந்த ஹாப்டோகாரின் என்னும் புரதம் அதனைப் பற்றிக்கொண்டு காக்கிறது. இரைப்பையைக் கடந்து சிறுகுடலின் தொடக்கத்திற்கு வந்ததும், கணையத்தின் நீர் அந்த ஹாப்டோகாரினைச் சிதைத்து விடுகிறது. இரண்டாம் முறையாகத் தனித்து விடப்பட்ட பி-12ஐ அங்கே காத்திருக்கும் அகக்காரணி ஏற்றுக்கொள்கிறது. கணைய நீர் அகக்காரணியை அவ்வளவு எளிதில் சிதைப்பதில்லை. இருவரும் கைகோத்துக்கொண்டு ஏறத்தாழ 20 அடி நீளமுள்ள சிறுகுடலின் கடைக்கோடி வரை செல்கின்றனர். வழியெங்கும் சர்க்கரையும் புரதக்கூறுகளும் கொழுப்பும் இரத்தத்தில் சேர்ந்துகொண்டே வருகின்றன; பி-12 மட்டும் காத்திருக்கிறது. ஏனெனில் அதற்கான வாயில் சிறுகுடலின் இறுதிப் பகுதியிலேயே உள்ளது.

அவ்வாயிலில் நிற்கும் காவலனைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். குடலின் உட்சுவரில் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் புரதங்களை அறிவியலார் ஏற்பிகள் என்பர். பி-12க்குரிய ஏற்பியின் பெயர் கியூபிலின். 3,600க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த மிக நீண்ட புரதம் அது. அம்னியான்லெஸ் என்னும் துணைப் புரதம் ஒன்று அதனை அணுவின் மேற்புறத்தில் பிடித்து நிறுத்துகிறது. இந்த ஏற்பியைக் குடலிலிருந்து பிரித்தெடுத்து ஆராய்ந்தவர்களுள் அமெரிக்காவில் பணியாற்றிய பெல்லூர் சீதாராம் என்பவரும் ஒருவர். 1981இல் அவரும் உடனுழைத்தோரும் அதனை வெளியிட்டனர்.

இக்காவலன் பி-12 தனியாக வந்தால் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அகக்காரணி தனியாக, வெறுங்கையோடு வந்தாலும் அப்படியே. இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். இது எவ்வாறு இயலும் என்பது 2010இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர்கள் படிக ஆராய்ச்சியால் கண்டபோதுதான் தெளிவாயிற்று. அகக்காரணி இரண்டு கூறுகளாலானது. பி-12 நடுவே வந்து அமர்ந்தால் அவ்விரு கூறுகளும் நெருங்கி அதனை மூடிக்கொள்கின்றன, உள்ளங்கைகள் இரண்டும் குவிவதுபோல. கியூபிலின் அவ்விரு கூறுகளையும் ஒரே நேரத்தில் பற்ற வேண்டியிருக்கிறது. கைகள் குவிந்தால் பற்ற முடிகிறது. விரிந்து கிடந்தால் பற்ற முடிவதில்லை. பற்றுவதற்குச் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியமும் அருகில் இருக்க வேண்டும். பற்றியபின் குடலணு மூவரையும் சேர்த்து உள்ளே விழுங்கிக்கொள்கிறது. உள்ளே அகக்காரணி சிதைக்கப்படுகிறது. கியூபிலின் மீண்டும் வாயிலுக்குத் திரும்புகிறது. பி-12 மட்டும் டிரான்ஸ்கோபாலமின் என்னும் வேறொரு புரதத்தின் துணையோடு இரத்தத்தில் இறங்கி, ஈரலுக்கும் எலும்பு மச்சைக்கும் நரம்புக்கும் செல்கிறது.

விருந்தாளியைக் கைப்பிடித்து வாயில்வரை அழைத்து வந்து, உள்ளே விட்டுத் தான் அழிந்து போகும் வழித்துணை! இதைப் படிக்கும் எந்தக் குருவானவருக்கும் உடனே ஒரு பிரசங்கம் மனத்தில் தோன்றத்தான் செய்யும். நமக்கும் தோன்றியது. ஆனால் மருத்துவச் செய்தி கேட்டு எழுதியவருக்குப் பிரசங்கத்தை அனுப்புவது முறையன்று. எனவே மேலே செல்வோம்.

மகனுடைய முதற்கேள்விக்கு விடை இப்பாதையிலேயே இருக்கிறது. பாகூர் ஏரியை நம்மவர் அறிவர். தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே நீர் வந்து ஏரி நிறைந்து கடல்போல் கிடந்தாலும், மதகு விடுமளவுதானே வயலுக்குப் பாயும்? குடலின் கடைப்பகுதியில் உள்ள ஏற்பிகளும் அத்தகையனவே. ஒரு வேளை உணவிலிருந்து அவை ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 மைக்ரோகிராம் வரைதான் உள்ளே விடும். அதற்குமேல் இலையில் எவ்வளவு கறி குவித்தாலும் காவலர் அனைவரும் கைநிறைய வைத்திருப்பர். அவர்கள் மீண்டும் வாயிலுக்கு வந்து நிற்கச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் எஞ்சியது பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே இந்த வாயில் இல்லை. ஆகவே ஞாயிறு நண்பகல் வயிறு நிறைய ஆட்டுக்கறி உண்டு, திங்கள் முதல் சனி வரை சோறும் ரசமும் ஊறுகாயுமாகக் கழிப்பவருக்கு, அந்த ஒரு வேளைக் கறி ஒரு நாள் தேவையை மட்டுமே ஈடுசெய்கிறது. நாள்தோறும் ஒரு குவளைப் பாலோ தயிரோ, ஒரு முட்டையோ, மலிவாய்க் கிடைக்கும் மத்தி, கவலை போன்ற மீன்களில் ஒரு துண்டோ உண்பவர் அதைவிட மிகுதியாகப் பெறுகிறார். நம் குடும்பங்களில் முட்டையும் பாலும் பிள்ளைகளுக்கும், மீன்துண்டு உழைத்துவரும் ஆண்களுக்கும், குழம்பு மட்டும் வீட்டுப் பெரியம்மாவுக்கும் என்று பங்கிடும் வழக்கம் இன்றும் உண்டு. அவர்களும் "எனக்கெதற்கு?" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். அந்த "எனக்கெதற்கு" என்னும் சொல்லை இனி வீட்டார் அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது.

எனினும் உணவு ஒன்றே காரணமன்று. ஈரலில் இச்சத்து சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமித்து வைக்கப்படுகிறது. எனவே பாதையில் எங்கேனும் பழுது ஏற்பட்டாலும், அது வெளியே தெரிய நெடுநாள் ஆகும். முதியோரில் பலருக்கு இரைப்பையின் உட்தோல் மெலிந்து அமிலம் குறைந்துவிடுகிறது. அப்போது இறைச்சியிலிருந்து பி-12ஐப் பிரித்தெடுக்க முடிவதில்லை. நெஞ்செரிச்சலுக்கென்று ஆண்டுக்கணக்கில் அமிலத்தை அடக்கும் மாத்திரைகளை விழுங்குவோருக்கும் இதே நிலைதான். வேறு சிலருக்கு உடலின் காப்புப் படையே மதிமயங்கி இரைப்பையின் அணுக்களையும் அகக்காரணியையும் எதிர்த்துத் தாக்குகிறது. அடிசன் கண்ட பழைய கொடுஞ்சோகை இதுவே. இரைப்பையையோ சிறுகுடலின் கடைப்பகுதியையோ அறுவை செய்து நீக்கியவர்களுக்கும் குறை வரும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கடிதத்தின் ஓரத்தில் எழுதிய வரிக்கு இப்போது வருவோம். நீரிழிவுக்கு வழங்கப்படும் மாத்திரைகளுள் மிகப் பரவலானது மெட்ஃபார்மின். நல்ல மருந்து, விலையும் குறைவு, இலட்சக்கணக்கானோரைக் காத்து வருகிறது. ஆனால் நெடுங்காலம் அதனை உட்கொள்வோரில் ஒரு பகுதியினருக்குப் பி-12 குறைகிறது என்பது 1971லேயே பிரித்தானிய மருத்துவ ஏட்டில் வெளிவந்த செய்தி. குடலின் வாயிலில் கால்சியம் செய்யும் துணையை அது தடுக்கிறது என்பது அறிஞர் பலர் கருத்து. நீரிழிவாலும் கால் எரியும். பி-12 குறைவாலும் கால் எரியும். "சர்க்கரை நோயாளிக்குக் கால் எரியத்தான் செய்யும்" என்று விட்டுவிடுவதனால் இரண்டாவது காரணம் மறைந்தே போகிறது. தாயார் உட்கொள்ளும் மாத்திரை எது என்று கடிதம் கூறவில்லை. அதன் உறையை எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுமாறு மகனைக் கேட்டுக்கொள்கிறோம். தாமாகவே எவரும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது பெருந்தீங்காய் முடியும். மாத்திரையும் தொடரலாம், பி-12உம் சேர்த்துக்கொள்ளலாம்.

இத்துறையில் நம் அண்டையிலேயே பேராராய்ச்சிகள் நடந்திருப்பதை நம்மவர் பலர் அறியார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இங்கிருந்து நோயாளிகள் போய் வருவதுண்டு. அங்கே ஆஸ்திரேலியரான செல்வின் பேக்கரும், அவருடன் வி. ஐ. மாத்தன் என்பவரும் பல்லாண்டுகள் குடல் உறிஞ்சும் வகையைப் பற்றி ஆராய்ந்தனர். வட ஆற்காட்டுச் சிற்றூர்களில் 1960களில் ஒருவகைக் கழிச்சல் நோய் ஊர் ஊராகப் பரவியது. குடலின் உட்சுவரில் உள்ள உறிஞ்சிகள் தட்டையாகி, உண்டது உடலில் ஒட்டாமல் மக்கள் மெலிந்தனர். அந்நோயை அவ்வூர்களுக்கே சென்று ஆராய்ந்தவர்கள் இவர்கள்.

அதற்கும் நெஞ்சைத் தொடுவது 1962இல் ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் லான்செட் என்னும் மருத்துவ ஏட்டில் எழுதியது. ஒரு வயது நிறையாத சில கைக்குழந்தைகள் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டன. தாய்ப்பால் ஒன்றையே உண்டு வளர்ந்த குழந்தைகள். கொழுகொழுவென்று இருந்தும், சிரித்துக்கொண்டிருந்தவை சிரிப்பை மறந்தன, தலை நின்றவை மீண்டும் தலை துவண்டன, கைகால்கள் தாமாக நடுங்கின, தோல் கறுத்தது. தாய்மாருக்கே பி-12 மிகக் குறைவாயிருந்ததனால் அவர்தம் பாலிலும் அது இல்லை என்பது சோதனையில் தெரிந்தது. மிகச் சிறிய அளவு பி-12 கொடுத்ததும் குழந்தைகள் தெளிவடைந்தன. தாய்ப்பாலில் குற்றம் உண்டென்று எவரும் இதற்குப் பொருள் கொள்ளலாகாது; அதற்கு ஈடான உணவு வேறில்லை. பாலூட்டுபவளுக்கு வீட்டார் என்ன உணவு கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி. பிள்ளை பெற்றவளுக்குப் "பத்தியம்" என்று சொல்லி மாதக்கணக்கில் மீனும் முட்டையும் தயிரும் விலக்கிவைக்கும் மாமியார்மார் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

1980இல் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் நேச்சர் ஏட்டில் வேறொரு புதுமையைக் கூறினர். பெருங்குடலின் நுண்ணுயிர்கள் பி-12 செய்தாலும் பயனில்லை. வாயில் அதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது என்று மேலே கூறினோம். ஆனால் நலமுள்ள தென்னிந்தியர் சிலரின் சிறுகுடலிலேயே பி-12 செய்யும் நுண்ணுயிர்கள் வாழ்வதை இவர்கள் கண்டனர். மாமிசம் உண்ணாத எளிய மக்கள் பலர் நோயின்றி வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். படைத்தவரின் பராமரிப்பு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது! ஆயினும் யாருடைய குடலில் அவை உள்ளன, யாருடைய குடலில் இல்லை என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாதாகையால், அதனை நம்பிச் சோதனையைத் தள்ளிப்போடுதல் தகாது.

வாயிலே பழுதாய்ப் பிறக்கும் குழந்தைகளும் மிக அரிதாக உண்டு. நார்வேயில் இமர்ஸ்லுண்ட் என்பவரும் பின்லாந்தில் கிராஸ்பெக் என்பவரும் 1960இல் இதனை விவரித்தனர். கியூபிலினையோ அம்னியான்லெஸ்ஸையோ செய்யும் மரபுக்கூறு தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால்தான் இந்நோய் தோன்றும். நெருங்கிய இரத்த உறவில் மணம் புரிவோரின் பிள்ளைகளுக்கு இத்தகைய நோய்கள் வரும் வாய்ப்பு மிகுதி. அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணக்கத் திருச்சபையிடம் விலக்குக் கேட்டு வரும் குடும்பத்தாரிடம் நாம் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறோம் என்று முணுமுணுப்பவர்கள், இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

எச்சரிக்கை ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சோகை என்றதும் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரை நம் நினைவுக்கு வருகிறது. ஃபோலிக் அமிலத்தின் வரலாறும் நம் நாட்டோடு பிணைந்ததே. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928 முதல் பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களின் சோகையை ஆராய்ந்து, ஈஸ்டுச் சாறு அதனைத் தீர்ப்பதைக் கண்டார். குன்னூரிலும் அவர் ஆராய்ச்சி நடந்தது. அச்சாற்றில் இருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. கருவுற்ற பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் அம்மாத்திரையை அவர்கள் தவறாமல் விழுங்க வேண்டும். ஆனால் கால் மரத்து, தள்ளாடும் முதியவருக்குச் சோதனையின்றி ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால், இரத்தச்சோகை தெளிந்து முகம் சிவக்கும். உள்ளே நரம்பின் கேடு தடையின்றி வளரும். முகத்தைப் பார்த்து வீட்டார் ஏமாந்து போவர். மருந்துக்கடையில் "சத்து மாத்திரை" என்று கேட்டு வாங்கிக் கொடுக்கும் பழக்கம் இவ்வகையில் ஆபத்தானது.

கடைசிக் கேள்வி, எத்தனை நாளைக்கு ஊசி என்பது. காரணத்தைப் பொறுத்தது அது. முதலில் நெருக்கமாகச் சில ஊசிகள், பின்னர் மாதம் ஒன்று என்பது பொதுவான முறை. உணவுக் குறை மட்டும் என்றால், சேமிப்பு நிரம்பிய பின் உணவைத் திருத்திக்கொண்டு நிறுத்தலாம். அகக்காரணியே அற்றுப்போனவருக்கு வாழ்நாள் முழுவதும் தேவை. ஊசிக்கு அஞ்சுவோருக்கு 1000 மைக்ரோகிராம் மாத்திரையும் உண்டு. வாயில் 2 மைக்ரோகிராம்தானே விடும், 1000 எதற்கு என்று கூர்ந்த வாசகர் கேட்கலாம். காவலனைக் கேளாமல் சுவரின் வழியே கசிந்து செல்வது நூற்றில் ஒரு பங்கு உண்டு. ஆயிரத்தில் அது 10 மைக்ரோகிராம் ஆகிறது, அதுவே போதும். இரத்தம் ஒரு வாரத்திலேயே மாற்றம் காட்டும். நரம்பு மெல்லத்தான் தேறும், மாதங்கள் ஆகலாம். நெடுநாள் கவனியாமல் விட்ட நரம்பு முற்றும் தேறாமலும் போகலாம். கடிதம் எழுதியவர் ஓராண்டில் அழைத்துச் சென்றது நல்லதாயிற்று. மறதி முழுவதும் பி-12ஆல் வந்ததா என்பதை மருத்துவரே காலப்போக்கில் கூற முடியும். உறுதி எதனையும் நாம் இங்கே தர இயலாது. தாயத்துக்குச் செலவிட நினைத்த பணத்தில் ஒரு வாரத்திற்கு முட்டை வாங்கலாம் என்பதை மட்டும் உறவினருக்குச் சொல்லலாம்.

இது தொடர்பாக நம் பங்குகளில் காணும் ஒரு வழக்கத்தைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை புனித அந்தோணியாருக்கு, வெள்ளிக்கிழமை ஆண்டவரின் பாடுகளுக்கு, சனிக்கிழமை தேவமாதாவுக்கு என்று வயதான தாய்மார் கவுச்சியை விலக்குகின்றனர். வில்லியனூர் மாதா திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டு விலக்குவோரும் உண்டு. தவக்காலம் வந்தால் நாற்பது நாளும் மீன், முட்டை, சிலர் பாலும்கூடத் தொடுவதில்லை. அவர்களுடைய பக்தியை நாம் குறைத்துப் பேசவில்லை. அந்தத் தாய்மாரின் செபத்தால்தான் நம் கோயில்கள் நிற்கின்றன. ஆனால் திருச்சபை கேட்பது எதுவெனத் தெளிவாக அறிந்திருத்தல் நன்று. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஒழுங்கின்படி சுத்தபோசன நாளில் விலக்க வேண்டியது மாமிசம். முட்டையும் பால்பொருள்களும் விலக்கப்படவில்லை. மீனும் அந்நாளில் ஆகாததன்று. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1252ஆம் பிரிவு, 59 வயது நிறைந்தவர்களை ஒருசந்திக் கடமையிலிருந்து விடுவிக்கிறது. நோயுற்றவர்கள் தம் பங்குக் குருவிடம் கேட்டால் எந்த நேர்ச்சையையும் வேறு செபத்துக்கோ தருமத்துக்கோ மாற்றித் தருவார். கால் எரிவோரும் கை மரத்தோரும், பாலூட்டும் தாய்மாரும், நீண்ட நாள் சர்க்கரை மாத்திரை உட்கொள்வோரும் வரும் விபூதிப் புதனுக்கு முன்பே அவ்வாறு வந்து கேட்கலாம். பூசை முடிந்து சக்ரீஸ்து அறையில் சில நிமிடம் போதும்.